பழைய ஆட்டமும் புதிய யந்திரமும்

மனிதன் செய்த பொருள்கள் அழிந்துபடும் வகையை நாம் நாள்தோறும் காண்கிறோம். மரம் உளுத்துப் போகிறது; இரும்பு துருவேறிப் போகிறது; காகிதம் கரையானுக்கு இரையாகிறது. ஆனால் ஒரு துகளும் தேயாமல், ஓர் எழுத்தும் குறையாமல், செய்த நாளில் இருந்தவாறே இருந்துகொண்டு, அதே சமயத்தில் எவர்க்கும் உதவாமற் போய்விடும் பொருளொன்று நமது காலத்தில் தோன்றியிருக்கிறது. கணினிக்கென எழுதப்படும் புரோகிராமே அப்பொருளாகும். 1990ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு கணினி விளையாட்டைப் பிழையின்றிப் படியெடுத்து வைத்திருப்பவர், இன்று அதனைத் தம் மேசைமேலுள்ள புதிய யந்திரத்தில் இட்டு இயக்க முயல்வாராயின், யந்திரம் அதனை அறிந்துகொள்ளவே மறுக்கும். அல்லது இரண்டொரு விநாடி ஓட்டிவிட்டுக் கைவிடும். அல்லது மனிதக் கண்ணாற் பின்தொடரவியலாத வேகத்தில் ஓட்டி முடித்துவிடும். விளையாட்டில் யாதொரு மாறுதலும் இல்லை. அதற்குப் பழக்கமான உலகம் போய்விட்டது.

இத்தகைய விளையாட்டுகளைப் புதிய யந்திரங்களில் மறுபடியும் ஓடச் செய்வதற்கென்றே பல தேசங்களிலும் பலர், பெரும்பாலும் ஊதியமின்றி, இருபது முப்பது ஆண்டுகளாக உழைத்து வருகின்றனர். அவர்களுடைய உழைப்பைப் பற்றியும், அவ்வுழைப்பு எழுப்பும் நியாய அநியாயங்களைப் பற்றியும் இங்குச் சிறிது ஆராயக் கருதுகிறோம். "சம்பள உயர்வும் வீட்டுரிமையும் பிள்ளைகளின் படிப்பும் பேச வேண்டிய இடத்தில் சிறுவர் விளையாட்டுக்கு என்ன வேலை?" என்று நேயர்களிற் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம், பழையதை வைத்திருப்பதற்கும் பழையதைத் தொழுவதற்கும் வேற்றுமை யாது என்னும் கேள்விகள் இவ்விளையாட்டு விஷயத்தில் ஒளிவுமறைவின்றி நிற்கின்றன. அதனாலேயே இதனை எடுத்துக்கொண்டோம். சம்பளக் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எண்ணுவோர் சிறிது பொறுத்தால் அதனையும் காண்பர்.

முதலில் யந்திரத்தின் சங்கதியைப் பார்ப்போம். 1981இல் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டர் விநாடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் துடிப்புத் துடித்தது. இன்று கடையில் வாங்கும் சாதாரண யந்திரமோ விநாடிக்கு 300 கோடித் துடிப்பை எளிதில் எட்டுகிறது. அந்நாளில் விளையாட்டு எழுதியோர் பலர், நேரத்தை அளப்பதற்குக் கடிகாரத்தை நாடவில்லை. யந்திரத்தின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டனர். "இத்தனை முறை சும்மா எண்ணு, எண்ணி முடித்ததும் பகைவனுடைய ஊர்தியை ஓரடி நகர்த்து" என்று கட்டளை எழுதி வைத்தனர். ஒரு கட்டை தூரம் நடந்து போய்க் கடையில் உப்பு வாங்கி வருவதற்குள் சோறு வெந்துவிடும் என்று கணக்கு வைத்திருந்த பாட்டி, பேரனை மோட்டார் சைக்கிளில் அனுப்பிவிட்டு, அவன் திரும்பியதும் பானையை இறக்கினால் என்னவாகுமோ அதுவே இங்கும் ஆயிற்று. 1990இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற விங் கமாண்டர் என்னும் விண்வெளி யுத்த விளையாட்டு, பிற்கால யந்திரங்களில், ஆடுவோனுக்குக் கையசைக்கவும் அவகாசம் தராத வேகத்தில் ஓடிற்று. யந்திரம் செய்வோர் சிலர் இத்தொல்லையை முன்பே உணர்ந்து, பெட்டியின் முகப்பில் 'டர்போ' என்றொரு பித்தானை வைத்திருந்தனர். பெயர் வேகத்தைக் குறிப்பினும், பழைய புரோகிராம்களுக்காக யந்திரத்தை மெதுவாக்குவதே அதனால் விளைந்த பயன்!

இதனினும் விசித்திரமானது டர்போ பாஸ்கல் என்னும் கணினி மொழியில் எழுதப்பட்ட புரோகிராம்களுக்கு நேர்ந்த கதி. அம்மொழியில் திரையையும் நேரத்தையும் கவனித்துக்கொள்ளும் பகுதியொன்று உண்டு. அது தொடங்கும்போதே "இந்த யந்திரம் எவ்வளவு வேகமானது?" என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளும். எண்ணி வந்த தொகையை 55ஆல் வகுத்து, 65,535க்கு மேற்பட்ட எண் கொள்ளாத ஒரு சிறு அறையில் விடையை வைக்கும். 1990களின் பிற்பகுதியில் விநாடிக்கு 20 கோடித் துடிப்பைக் கடந்த யந்திரங்கள் வந்தபோது, விடை அவ்வறையில் அடங்கவில்லை. உடனே புரோகிராம், பூஜ்யத்தால் வகுக்கப்பட்டது என்று பொருள்படும் 200ஆம் எண் பிழையைத் திரையில் எழுதிவிட்டு நின்றுபோகும். உண்மையில் யாரும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. யந்திரம் எதிர்பார்த்ததற்கு மேல் விரைவாயிருந்தது என்பதொன்றே குற்றம். புரோகிராம் எழுதியவரையும் நாம் குறைகூற மாட்டோம். வருங்கால யந்திரத்தின் வேகத்துக்கு இடம்விட்டு எழுதவேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

நிற்க. இதற்குப் பரிகாரம் தேடியோர் பெரும்பாலும் இருவழிகளிற் சென்றனர். ஒன்று, பழைய யந்திரம் முழுவதையும் புதிய யந்திரத்துக்குள் போலியாகச் சமைத்துவிடுவது. 2002இல் முதன்முதல் வெளியிடப்பட்ட டாஸ்பாக்ஸ் அவ்வகையினது. அது பழைய செயலியைப் போலவும், பழைய திரையட்டையைப் போலவும், சவுண்ட் பிளாஸ்டர் என்னும் பழைய ஒலியட்டையைப் போலவும் நடிக்கும். உள்ளே ஓடும் விளையாட்டோ தான் இன்னும் 1990இலேயே இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். வேகம் மிகுந்தால் கன்ட்ரோல் விசையுடன் எஃப் 11ஐ அழுத்திக் குறைக்கலாம். எஃப் 12ஐ அழுத்திக் கூட்டலாம். மற்றொரு வழி, யந்திரத்தை விட்டுவிட்டு, விளையாட்டை நடத்திவைக்கும் பகுதியை மட்டும் புதிதாக எழுதுவது. 2001இல் தோன்றிய ஸ்கம்விஎம் அத்தகையது. லூகாஸ்ஆர்ட்ஸ் கம்பெனியாரின் கதை விளையாட்டுகள் பல 'ஸ்கம்' என்னும் ஒரே நடத்துமுறையில் அமைந்தவை. சித்திரமும் வசனமும் இசையும் சில கோப்புகளில் இருக்கும். அவற்றை மேடையேற்றும் புரோகிராம் தனியே இருக்கும். அப்புரோகிராமை மட்டும் மாற்றிவிட்டால், ஏட்டில் உள்ள கூத்தைப் புதிய வாத்தியார் ஆட்டுவிப்பது போல, பழைய கதை எந்த யந்திரத்திலும் ஆடும். கைப்பேசியிலும் ஆடுகிறது.

உடையவரே மனமுவந்து வழிவிட்டதும் உண்டு. 1993இல் வெளியான டூம் என்னும் விளையாட்டின் மூலநிரலை, அதனைச் செய்த இட் சாஃப்ட்வேர் கம்பெனியார் 1997 டிசம்பரில் உலகுக்கு வழங்கினர். அன்றுமுதல் அதற்குச் சாவில்லை. கையடக்கக் கால்குலேட்டரிலும் அதனை ஓட்டிக் காட்டியவர் இருக்கின்றனர். 1994இல் வெளிவந்த 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' என்னும் கதை விளையாட்டை, அதன் உரிமையாளராகிய ரெவல்யூஷன் கம்பெனியார் 2003இல் இலவசமாக விட்டதோடு, ஸ்கம்விஎம் தொண்டர்களுக்கு மூலநிரலையும் கொடுத்து உதவினர். இதனால் அக்கம்பெனியார் ஏழையாகிவிடவில்லை.

இனி, இவ்வாறு மறுபடியும் ஓடுவது பழைய விளையாட்டேதானா, அல்லது அதன் வேடம் பூண்ட வேறொன்றா என்னும் வினா எழுகின்றது. இதற்கு விடை காண்பது எளிதன்று. 1978இல் ஜப்பானியராகிய நிஷிகாடோ என்பார் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்னும் விளையாட்டைச் செய்தார். வேற்றுலகப் படையினர் வரிசை வரிசையாய்த் திரையில் இறங்கி வருவர். நாம் சுடச்சுட, எஞ்சியவர் மேன்மேலும் விரைந்து வருவர். அவ்விரைவு முதலில் எண்ணி வைக்கப்பட்டதன்று. அத்தனை உருவங்களையும் ஒருங்கே விரைந்து வரைய அந்நாளைய யந்திரத்துக்குச் சக்தி போதவில்லை. உருவங்கள் குறையக் குறையப் பாரம் குறைந்து ஓட்டம் கூடிற்று. செய்தவர் அதனைக் கண்டும் திருத்தாமல் விட்டார். ஆடுவோர் நெஞ்சைப் படபடக்கச் செய்த அம்சமே அதுவாகிவிட்டது. இன்று ஒருவர் அதனைப் புதிய யந்திரத்துக்கென மாற்றியெழுதி, "குறையை நீக்கிவிட்டோம்; இனித் தொடக்கமுதல் முடிவுவரை ஒரே சீராக ஓடும்" என்று பெருமை பேசுவாராயின், அவர் நீக்கியது விளையாட்டின் உயிரையேயாகும். பழைய யந்திரத்தின் வன்மையை மட்டுமன்றி அதன் இயலாமையையும் சேர்த்துப் போலிசெய்ய வேண்டியிருக்கிறது. டாஸ்பாக்ஸ் போன்றவற்றைச் செய்வோரின் பிரயாசையில் பெரும்பகுதி இதற்கே செலவாகிறது. மூவாயிரம் ரூபாய்க் குதிரையை நொண்டியாக நடக்கப் பழக்குவது போன்ற வேலை!

அங்ஙனமாயின் எல்லாக் குறையையும் காப்பாற்ற வேண்டுமா? 1980களில் கொமடோர் 64 என்னும் யந்திரத்தில், ஒலிநாடாவிலிருந்து ஒரு விளையாட்டு ஏறுவதற்குப் பல நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பும் பழைமையின் பகுதியே என்று சொல்லி, இன்றும் நம்மைக் கைகட்டி உட்காரச் சொல்லும் கூட்டத்தார் உண்டு. நாம் அதற்கு உடன்படோம். ஆடுவோனுக்கும் ஆட்டத்துக்கும் நடக்கும் போட்டியில் எந்தக் குறை கலந்துவிட்டதோ அது ஆட்டத்தைச் சேர்ந்தது. ஆட்டம் தொடங்குமுன் வாசலில் நிறுத்தி வைத்த குறை ஆட்டத்தைச் சேர்ந்ததன்று. இவ்வெல்லை எப்போதும் தெளிவாயிராது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். காத்திருந்து காத்திருந்து கிடைத்த ஆட்டத்தை ஆடியவனுடைய மனமும், கணத்தில் கிடைத்ததை ஆடுகிறவனுடைய மனமும் ஒன்றா என்று கேட்டால், ஒன்றல்லதான். ஆனால் மனத்தைப் போலிசெய்யும் பெட்டியை எவரும் இதுவரை கட்டவில்லை.

திரை விஷயத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. பழைய விளையாட்டுகள் பல, குறுக்கே 320, நெடுக்கே 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. அன்றைய கண்ணாடித் திரையின் அகலமும் உயரமும் நாலுக்கு மூன்று. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் சற்று நெடியதாய்த் தோன்றும். இன்றைய திரையில் புள்ளிக்குப் புள்ளி அப்படியே போட்டால், வட்டமான சந்திரன் அமுங்கிப்போன பூசணிக்காயாகி விடுகிறான். புள்ளியை மாற்றாதவர் உருவத்தைக் கெடுக்கிறார். உருவத்தைக் காக்க விரும்புபவர் புள்ளியை நீட்டத்தான் வேண்டும்.

இனிப் பூட்டு விஷயத்துக்கு வருவோம். நியாய அநியாயம் கூர்மையாகத் தைக்கும் இடம் இதுவே.

விளையாட்டை விற்றோர், ஒருவர் வாங்கியதைப் பத்துப்பேர் படியெடுத்துக்கொள்வதைத் தடுக்கப் பலவகைப் பூட்டுகளைப் போட்டனர். தொடக்கத்தில் அவை சாதுவானவை. 1989இல் வெளிவந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்னும் விளையாட்டின் டாஸ் பதிப்பில், முதற்கட்டம் கடந்ததும், எழுத்திட்ட மருந்துச் சீசாக்கள் நிறைந்த ஓர் அறை வரும். கூட வந்த சிறு புத்தகத்தில் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இன்ன சொல்லின் முதலெழுத்து யாதோ, அவ்வெழுத்துள்ள சீசாவைக் குடிக்க வேண்டும். புத்தகம் இருந்தால் வழி திறக்கும். அறிவுள்ள பூட்டு! திறவுகோல் நம் கையில் இருந்தது. ஆனால் 1990களின் இறுதியிலிருந்து 'சேஃப்டிஸ்க்' போன்ற பூட்டுகள் வந்தன. அவை விண்டோஸின் அடிவயிற்றில் ஒரு சிறு புரோகிராமை நட்டுவைத்து, உள்ளே இட்ட சி.டி. அசல்தானா என்று சோதித்தன. அவ்வாறு நட்டுவைத்த இடத்தின் வழியே தீயோர் யந்திரத்துக்குள் நுழையக்கூடும் என்று கண்ட மைக்ரோசாஃப்ட் கம்பெனியார், 2015இல் வந்த விண்டோஸ் 10இல் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் முந்திய விண்டோஸ்களிலும் அதனைச் செயலறச் செய்தனர். பாதுகாப்புக்காகச் செய்தது, அதில் தவறில்லை. விளைந்ததைப் பாருங்கள். கடையில் முழுவிலை கொடுத்து, ரசீதும் பெட்டியும் புத்தகமும் பத்திரமாக வைத்திருந்தவருடைய அசல் வட்டு, புதிய யந்திரத்தில் ஓட மறுத்தது. பூட்டை உடைத்துப் படியெடுத்தவர் வைத்திருந்த திருட்டு வட்டு ஓடிற்று!

நம் நாட்டு விஷயமும் ஒன்று இங்குக் கூறவேண்டியிருக்கிறது. பசார் மாலம் சந்தைகளிலே மீன் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே, சில வெள்ளிக்குத் திருட்டு வட்டுகள் குவியல் குவியலாக விற்கப்பட்டதை நேயர்கள் மறந்திரார். அத்தொழிலை ஒடுக்குவதற்காக மலேசிய சர்க்கார் 2000ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டம் இயற்றிற்று. சட்டம் சரியானதே. மற்றவன் உழைப்பைக் குவித்து வைத்துக் கூவி விற்றுப் பணம் பண்ணியவனுக்கு நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். எனினும், நேர்மையாக நடந்தவன் நஷ்டமடைந்து, நேர்மையற்றவன் பயனடையும்படியாக ஓர் ஏற்பாடு அமைந்துவிட்டால், அவ்வேற்பாட்டைச் செய்தவர் "நேர்மையாயிருங்கள்" என்று நமக்கு உபதேசிக்க என்ன யோக்கியதை உடையவர் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. வாங்கினவன் தன் வீட்டுப் பூட்டைத் தானே உடைத்து உள்ளே போவதைத் திருட்டு என்று சொல்வது பாஷையைக் கெடுப்பதாகும்.

"அப்படியானால் பழைய விளையாட்டு எதனையும் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாமோ?" என்று எதிர்வாதம் செய்வர். அன்று. 2008இல் போலந்து தேசத்தில் தொடங்கப்பட்ட குட் ஓல்ட் கேம்ஸ் என்னும் கடையார், பழைய விளையாட்டுகளை உரியவரிடம் அனுமதி பெற்று, அவற்றுட் பலவற்றை டாஸ்பாக்ஸுடனேயே சேர்த்துக் கட்டி, பூட்டில்லாமல் விற்று வருகின்றனர். ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு அங்குக் கிடைப்பதைக் களவில் எடுத்துக்கொண்டு, "பழைமையைக் காக்கிறேன்" என்று பேசுவோன் தன் வயிற்றைக் காக்கிறானேயன்றி வேறன்று. ஆனால் விற்பவரே இல்லாத விளையாட்டுகளின் கதி யாது? அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபௌண்டேஷன் என்னும் சங்கத்தார் 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று கண்டனர். கம்பெனி கலைந்துவிட்டது, அல்லது ஒன்று மற்றொன்றை விழுங்கி, உரிமைப் பத்திரம் எவர் பெட்டியில் கிடக்கிறதென்று அவர்களுக்கே தெரியாது. சட்டமோ அசையாது. கம்பெனிக்காக உழைத்தோர் செய்த பொருளுக்கு அமெரிக்கச் சட்டம் வெளியான நாளிலிருந்து 95 ஆண்டு உரிமை வழங்குகிறது. 1990இல் வந்த விளையாட்டு 2085 வரை பூட்டிலிருக்கும். அதன் ஃபிளாப்பி வட்டு அதற்கு வெகுகாலம் முன்பே வெறுந்தகடாகிவிடும். தானும் இறைக்காமல், பிறர்க்கு விற்கவும் செய்யாமல், கிணற்றைப் பலகையிட்டு மூடி வைத்திருப்பவனுக்கும், கிணறு வெட்டியவனுக்குரிய மரியாதையைச் செய்யச் சொல்கிறது சட்டம். இவ்விடத்தில் சட்டமும் நியாயமும் வேறுவேறு வழியே போகின்றன என்பது நமது அபிப்பிராயம்.

அந்நாட்டு அதிகாரிகள் ஓரளவு இதனை உணராமலில்லை. யந்திரமும் வட்டும் வழக்கொழிந்துபோன விளையாட்டுகளின் பூட்டைத் திறக்க 2003இல் ஒரு விலக்கு அளித்தனர். ஆனால் நூல்நிலையங்கள் தம்மிடமுள்ள பழைய விளையாட்டை, ஆராய்ச்சி செய்வோருக்குத் தூரத்திலிருந்தே ஓட்டிப் பார்க்கக் கொடுக்கலாமா என்ற கோரிக்கையை 2024 அக்டோபரில் மறுத்துவிட்டனர். ஆராய்ச்சி என்ற பெயரால் ஜனங்கள் விளையாடிக் களித்துவிடுவார்களோ என்பது எதிர்த்தோர் காட்டிய அச்சம். நூல்நிலையத்தில் கதைப் புத்தகம் எடுப்பவன் அதைப் படித்து மகிழ்ந்துவிடுவானே என்று எந்த நூல்நிலையத்தார் அஞ்சினர்?

இதனினும் புதிய கொடுமை ஒன்று பிறந்திருக்கிறது. 2014இல் யூபிசாஃப்ட் கம்பெனியார் விற்ற 'தி க்ரூ' என்னும் மோட்டார்ப் பந்தய விளையாட்டு, கம்பெனியாரின் யந்திரத்தோடு எப்போதும் தொடர்பு கொண்டிருந்தாலன்றி ஓடாது. 2024 மார்ச் 31ஆம் தேதி அவர்கள் தம் யந்திரத்தை நிறுத்திவிட்டனர். காசு கொடுத்தவர் அனைவரது வீட்டிலும் அது ஒரே நாளில் இறந்தது. டாஸ்பாக்ஸ் போன்ற எதுவும் உடனே உதவ முடியாது. ஏனெனில் ஆட்டத்தின் பாதி, வாங்கியவர் கைக்கு வந்ததே இல்லை. இதனைக் கண்டித்து ஐரோப்பாவில் எழுந்த மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். விற்பனை என்று சொல்லி வாடகைக்கு விட்டதே இங்கு நடந்தது. வாடகை என்று முன்பே சொல்லியிருந்தால் எவரும் சண்டைக்குப் போயிரார்.

சம்பளக் கணக்கைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோமன்றோ? நாம் கிராணி வேலை பார்த்த தோட்டம் ஒன்றில், 1990களில் செக்ரோலைக் கணினியில் ஏற்றியிருந்தனர். அதற்கென எழுதப்பட்டது ஒரு டாஸ் புரோகிராம். 2004இல் தோட்டம் கைமாறியது. புதிய கம்பெனியார் புதிய முறையைக் கொண்டுவந்தனர். பழைய பெட்டி ஸ்டோரில் உரமூட்டைகளுக்குப் பின்னே கிடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் ஒரு பகுதி வீடு கட்டுவோருக்கு விற்கப்பட்டு ஆட்குறைப்பு நேர்ந்தபோது, பால்மரம் வெட்டிவந்த அம்மையார் ஒருவர், தாம் வேலைக்குச் சேர்ந்தது 1991 என்றார். புதிய ஏட்டில் 2004 என்றே இருந்தது. 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்புப் பலன் விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாட் சம்பளம் சேரவேண்டும். இடையிலுள்ள 13 ஆண்டுக்கு 260 நாட் சம்பளம்! அம்மையாரிடம் இருந்ததோ வாய்ச்சொல் ஒன்றே. பட்டணத்துக் கணினிக்கடைக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குப் போடலாம் என்றார். லயத்துப் பையன் ஒருவன், பழைய விளையாட்டு ஓட்டுவதில் பைத்தியம் கொண்டவன், அதைக் கேள்வியுற்று வந்தான். "கிராணி ஐயா, பெட்டி செத்தால் பரவாயில்லை; உள்ளிருக்கும் வட்டு நன்றாயிருந்தால் போதும்" என்றான். வட்டைக் கழற்றி ஒரு வடத்தால் தன் மடிக்கணினியில் இணைத்து, உள்ளிருந்ததைப் படியெடுத்து, டாஸ்பாக்ஸைத் திறந்து அதற்கு அதனையே சி என்னும் வட்டாகக் காட்டினான். நீலத்திரையில் வெள்ளெழுத்தாய்ப் பழைய செக்ரோல் எழுந்து நின்றது. அம்மையாரின் பெயரும், எண்ணும், மாதந்தோறும் பெயர் விழுந்த நாட்களும் இருந்தன.

டாஸ்பாக்ஸ் விளையாட்டுக்கென்றே செய்யப்பட்டது. காரியாலய வேலையை அதை நம்பி நடத்தச் செய்தோர் சொல்லவில்லை. அச்சடிக்கும் வசதியும் அதில் இல்லை. ஆகவே திரையை ஒவ்வொன்றாய்ப் படம் பிடித்துக்கொண்டு, 13 ஆண்டுக் கணக்கையும் நாம் கையாலேயே பெயர்த்தெழுதினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நிர்வாகத்தார் வட்டையும் படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து ஏற்றுக்கொண்டனர். எங்கோ ஐரோப்பாவில் எவரோ சிலர், தாம் சிறுவயதில் ஆடிய ஆட்டத்தை மறுபடி ஆடும் ஆசையால் எழுதிவைத்த புரோகிராம், ஒரு பால்வெட்டுப் பெண்மணிக்குச் சாட்சி சொல்லிற்று. விளையாட்டு வீண் என்போர்க்கு இதற்குமேல் நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, சீர்திருத்தம் பேசும் நண்பர்கள் வேறொரு பக்கத்திலிருந்து ஆக்ஷேபிக்கக் கூடும். "பழையன கழியட்டும் என்று ஊர்தோறும் சொல்லிவருகிறோம், தாத்தா செய்தார் என்பதற்காக எதையும் செய்யாதே என்கிறோம், நீரோ பழைய ஆட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீரே" என்பர். இவ்வாக்ஷேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பழைய விளையாட்டைச் சேர்ப்போருள் அசல் பெட்டியைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, உறையைப் பிரிக்காமலே ஆயிரக்கணக்கில் விலைபேசுவோர் உண்டு. அது பூசையறைதான், ஐயமில்லை. ஆனால் டாஸ்பாக்ஸ் எழுதியவர் செய்தது அதற்கு நேர் எதிரானது. உறையைப் பிரித்தார், உள்ளிருப்பதை இயக்கினார், எவரும் பார்த்துச் சோதிக்கும்படி வைத்தார். பழைமையைத் தொழுவோன் அதனைத் திறந்துபார்க்க நம்மை விடான். புதுமையை விற்போனும் விடான். பழையது ஓடிவிட்டால் புதியது விலைபோகாதே என்பது அவன் கவலை. இருவருக்கும் நடுவே, திறந்து பார்க்க உரிமை கேட்பவனையே நாம் ஆதரிக்கிறோம்.

திறந்து பார்த்தால் அருவருப்பானவையும் கிடைக்கும். பிற தேசத்து மக்களைக் காட்டுமிராண்டிகளாகவும், பெண்ணை வென்றெடுக்கும் பரிசுப் பொருளாகவும் காட்டும் ஆட்டங்கள் அக்காலத்தில் ஏராளம். புதுப்பிப்போர் சிலர் அவற்றை இக்காலத்துக்கேற்ப நறுக்கிவிட்டு, ஒன்றுமே நடவாதது போல வெளியிடுகின்றனர். புதிதாய் விற்பவர் தம் பதிப்பை எப்படியும் மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் நறுக்காத பழைய பிரதி ஒன்று எங்கேனும் ஓடும் நிலையில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால், "எங்கள் முன்னோர் அப்படியெல்லாம் செய்யவேயில்லை" என்று நாளை ஒருவன் மேடையேறிச் சாதிக்கும்போது, எதைக் காட்டி அவனை மறுப்பது?

காரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிளாப்பி வட்டிலுள்ள காந்தப்பூச்சு நாளடைவில் வலுவிழக்கும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைச் செய்த ஜோர்டன் மெக்னர் தம் மூலநிரலைத் தொலைத்துவிட்டதாகவே எண்ணியிருந்தார்; 2012இல் அவருடைய தந்தையார் வீட்டிலிருந்த ஒரு பெட்டியில் அவ்வட்டுகள் அகப்பட்டன; தேர்ந்தவர் துணையால் படித்தெடுத்து உலகுக்கு வெளியிட்டார். எல்லோருக்கும் அத்தகைய தந்தையும் பெட்டியும் வாய்க்கும் என்று எதிர்பார்க்கவியலாது. வீட்டிலோ காரியாலயத்திலோ பழைய வட்டுகளும் பெட்டிகளும் வைத்திருப்போர், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்து, கூடிய சீக்கிரத்தில் தெரிந்த பிள்ளை ஒருவனைக் கொண்டு படியெடுத்துக்கொள்வார்களாக. எந்த வேகத்தில் வைத்தால் ஓடுகிறது என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து உடன் வைக்கவும். கூட வந்த சிறு புத்தகத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம்; அதில் இன்ன பக்கத்தில் இன்ன சொல் யாது என்று, திரையிலிருக்கும் சீசா இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறது.